ஆறு டிகிரி சாய்ந்த கட்டில்

பிப்ரவரி 11, புதன். பதினோராம் நாள்.

பேனா எழுதவில்லை. மல்லாந்து படுத்து நோட்டை முகத்துக்கு மேலே பிடித்தால் மை பின்னால் போய்விடுகிறது. பதினான்கு வருடம் விண்வெளிப் பயிற்சி எடுத்தவளுக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டாமா? நர்ஸிடம் கெஞ்சி ஒரு பென்சில் வாங்கிக்கொண்டேன்.

தினமும் காலையில் அவர்களுக்கு ஒரு படிவம் நிரப்பித் தருகிறேன். தூக்கம் எப்படி, முதுகுவலி எப்படி, மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை. மனநிலைக்கு எப்போதும் எட்டு போடுகிறேன். பத்து போட்டால் நம்ப மாட்டார்கள், ஆறு போட்டால் மனோதத்துவக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அது அவர்களுக்கு. இந்த நோட்டு எனக்கு. தலையணை கிடையாது என்பதால் மெத்தை உறைக்குள் செருகி வைக்கிறேன்.

இந்தக் கட்டிலின் தலைமாடு ஆறு டிகிரி தாழ்ந்திருக்கும். கால் உயரத்தில், தலை பள்ளத்தில். அறுபது நாள் இப்படியே. மேலே எடையில்லாமல் மிதக்கும்போது ரத்தம் தலைக்கு ஏறுமே, அதைப் பூமியிலேயே செய்து பார்க்க இதுதான் வழியாம். சாப்பாடு, பல் தேய்ப்பது, சொல்லக் கூசுகிற மற்றதெல்லாம் இதிலேயே. குளிக்க ஒரு தள்ளுவண்டி. அதுவும் ஆறு டிகிரி. ஒரு தோளாவது எப்போதும் மெத்தையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். தும்மும்போது கொஞ்சம் எழும்பினால் போதும், கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் ஒலிபெருக்கியில் வந்துவிடுவான்: "தோள் மேடம், தோள்." மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அறையில் இன்னொரு கட்டில். திரைக்கு அந்தப் பக்கம் ஒட்டகம். கழுத்து நீளம் என்பதால் பயிற்சியின் முதல் வாரமே நான் வைத்த பெயர். விமானி. என்னைவிட ஆறு வயது சின்னவன், அதனால் நான் அவனுக்கு அக்கா. விண்கலம் கிளம்ப இன்னும் பதினான்கு மாதம். மூன்று பேர் போகிற கலம், மற்ற இரண்டு இடமும் வேறு பிரிவுகளுக்கு. எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம். மற்றவர் கீழே காத்திருப்பவர். யாருக்கு இடம் என்பது இந்த அறுபது நாளில் தெரிந்துவிடும்.

எனக்கு நாற்பத்து நான்கு. வயது வரம்பு நாற்பத்தாறு. இதை எழுதும்போதே பென்சில் அழுந்துகிறது.

பிப்ரவரி 14, சனி. பதினான்காம் நாள்.

பார்வையாளர் நேரம். மகளும் அவள் அப்பாவும் வந்தார்கள். எல்லோர் முகமும் எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. இவளுக்கு மூக்கு என்னைப் போல இருக்கிறது என்று பதிமூன்று வருடம் கழித்து இன்றைக்குத்தான் கவனித்தேன்.

"ஸ்கூல்ல சொன்னியா, அம்மா இங்க இருக்கேன்னு?"

"இல்லம்மா."

"ஏன்?"

"நாலாவது படிக்கும்போதே சொல்றத நிறுத்திட்டேன். உங்கம்மா எப்ப போவாங்க, எப்ப போவாங்கனு கேட்டுக் கேட்டுக் கிண்டல் பண்ணாங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாகத்தான் சிரித்தேன். அவர்கள் போன பிறகு கண்ணீர் காதுக்குள் ஓடியது. இந்தச் சாய்வில் படுத்து அழுதால் அப்படித்தான், துடைக்க வேண்டியது காதை.

பிப்ரவரி 16, திங்கள்.

இடது காலில் அரிக்கிறது. கை எட்டவில்லை. ஒரு மணி நேரமாக.

பிப்ரவரி 19, வியாழன். பத்தொன்பதாம் நாள்.

எதிர்ச் சுவரின் மேல்பக்கத்தில் எண்கள் அச்சிட்ட அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. பத்து வரி. மேலே பெரிய எண்கள், போகப் போகச் சின்னது. செவ்வாயும் வெள்ளியும் கண் டாக்டர் வந்து அதைப் படிக்கச் சொல்வார். நாள் முழுக்க வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் எங்கள் இருவருக்கும் அது தலைகீழ்ப் பாடம். டாக்டருக்கும் இது தெரியும். "வேற அட்டை மாத்தினா கணக்கு ஒத்துவராதுனு மேல சொல்லிட்டாங்க. அதனால கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லுங்க, மனசுக்குத் தெரிஞ்சதச் சொல்லாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நம்பிக்கையின் பேரில் ஓடுகிற பரிசோதனை.

இன்று மத்தியானம் எட்டாவது வரியைப் பார்த்தேன். மூன்றா எட்டா என்று தெரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். வலது கண்ணை மூடினேன். இடது கண்ணில் எட்டு, ஒன்பது, பத்து மூன்று வரியும் ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி.

தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி.

படித்தேன். பத்து வரியும். ஒரு எண் தப்பவில்லை.

"அருமை" என்றார் கண் டாக்டர். குறித்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனார்.

இரண்டு வரி குறைந்தால் படுக்கையிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்தால் இடம் போச்சு. கண்ணுக்குள் படம் எடுக்கிற இயந்திரத்தில் சோதிப்பது நாங்கள் எழுந்து ஒரு வாரம் கழித்துத்தான். அதற்குள் தானாகச் சரியாகிவிடாதா? பயிற்சியில் எங்களுக்கு முதலில் பாடம் எடுத்த விமானி சொன்னது நினைவிருக்கிறது: "டாக்டர் உங்க சீட்டைப் பிடுங்குவார், ஒருநாளும் தர மாட்டார். தலைவலினா கூட வீட்ல போய் சொல்லுங்க." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றிலிருந்து நான் எந்த டாக்டரிடமும் தலைவலி என்று சொன்னதில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்.

படித்தேன். பத்து வரி.

பிப்ரவரி 26, வியாழன்.

ஒட்டகத்துக்குப் பேச்சு வேண்டும். எனக்கும்தான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, செவ்வாய்க்குப் போன நாள் ஞாபகம் இருக்கா?" என்றான்.

எப்படி மறக்கும். நாங்கள் போகவில்லை, நாங்கள் அனுப்பிய இயந்திரம் போனது. கிரகத்துக்குப் பின்னால் அது மறைந்த இருபத்து நான்கு நிமிடம் கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிடவில்லை. திரும்பவும் சமிக்ஞை வந்தபோது, சாதாரணமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத எரிபொருள் பிரிவு அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அடுத்த வருடம் நிலாவில் இறக்கினோம். துணி துவைக்கும் இயந்திரம் அளவுதான் இருக்கும், அது நகர்ந்து போன தடத்தின் படம் கேன்டீன் சுவரில் இன்னமும் தொங்குகிறது. இயந்திரங்கள் போய்க்கொண்டே இருந்தன. மனிதர்களை அனுப்பும் திட்டம் மட்டும் கிணற்றில் போட்ட கல். ஒன்பது முறை தேதி சொன்னார்கள், ஒன்பது முறை தள்ளினார்கள்.

இந்த ஒரு இடத்துக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் பொறுமை இழந்து பயணிகள் விமானம் ஓட்டப் போய்விட்டார். இன்னொருவருக்கு இதயத்தில் ஏதோ முணுமுணுப்பு, அனுப்பிவிட்டார்கள். மிச்சம் நாங்கள். இந்தப் பதினான்கு வருடமும் பனிச்சறுக்கு கூடாது, குதிரை கூடாது, இரண்டாவது பிள்ளை "இப்போதைக்கு வேண்டாம்". தேதி நெருங்குகிறது என்றார்களே, அதனால். இரண்டாவது பிள்ளை பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

"சொல்லு அக்கா, தூங்கிட்டியா?" என்றான். தூங்கிவிட்டதாகப் பாசாங்கு செய்தேன்.

மார்ச் 1, ஞாயிறு. இருபத்து ஒன்பதாம் நாள்.

இந்த அறையின் காற்றும் சாதாரணக் காற்று அல்ல. கரியமில வாயு கொஞ்சம் கூடுதல். விண்கலத்தில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. கலத்தில் காற்றைச் சுத்தம் செய்ய ஒரு இயந்திரம்தான் வைக்கத் திட்டம். இரண்டாவது வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். வைத்தால் நாற்பது கிலோ கூடும், பாதி வரைபடத்தை மாற்ற வேண்டும், தேதி போய்விடும். எங்கள் உடம்பு தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவாம். தலைவலி எல்லோருக்கும் உண்டு. படிவத்தில் "லேசாக" என்று போட்டேன்.

இப்போது வலது கண்ணிலும் பத்தாவது வரி போய்விட்டது.

மார்ச் 8, ஞாயிறு. முப்பத்தாறாம் நாள்.

அவர் மட்டும் வந்தார். சட்டையில் பூனை ரோமம். கால்நடை மருத்துவரைக் கட்டிக்கொண்டால் இதுதான். தலைமாட்டில் நாற்காலி போட்டுக் குனிந்து உட்கார்ந்தார்.

"கண்ணெல்லாம் ஏன் இடுக்கி இடுக்கிப் பாக்கற?"

"வெளிச்சம்."

சட்டையிலிருந்து ஒரு ரோமத்தை எடுத்துப் போட்டார். பிறகு, "என் பேஷண்ட்ஸ் பரவாயில்ல. ஒண்ணும் வாய் திறந்து சொல்லாது, ஆனா ஒண்ணும் பொய்யும் சொல்லாது" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "என்ன குத்திக் காட்றீங்க? எழுந்து உட்கார முடியாதவகிட்ட வந்து வம்பு பண்றீங்களா?" என்று கத்தினேன். "தோள் மேடம்" என்றது ஒலிபெருக்கி. அவர் என் நெற்றியைத் தடவிவிட்டு எழுந்து போனார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாரா தெரியாது. படுத்த இடத்திலிருந்து வாசல் எனக்குத் தெரியாது.

மார்ச் 12, வியாழன். நாற்பதாம் நாள்.

சாயங்காலச் சாப்பாடு முடிந்து ஒட்டகம் திரையைக் கையால் விலக்கினான். பக்கவாட்டில் திரும்பினால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்.

"அக்கா, எனக்கு எட்டாவது வரி மங்குது."

நான் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தேன்.

"ஒரு வாரமா. மனப்பாடமா ஒப்பிச்சிட்டேன் ரெண்டு தடவ. இன்னமும் அப்படியே ஓட்டலாமானு பாத்தேன். முடியல. நாளைக்குச் சொல்லப் போறேன்."

"யோசிச்சுச் சொல்லுடா."

"யோசிச்சாச்சு." அப்புறம் கேட்டான். "உனக்கு எப்படிக்கா?"

கேள்வி வந்தது தெரிந்தது. பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்றும் தெரிந்தது. அவன் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது, ஒன்றரை மீட்டர் தூரத்தில்.

"எனக்கு ஒண்ணுமில்லடா" என்றேன்.

மார்ச் 13, வெள்ளி.

சொல்லிவிட்டான். அரை மணி நேரத்தில் தள்ளுவண்டி வந்தது. போகும்போது கை நீட்டினான், எனக்கு எட்டவில்லை. "பத்திரமா போய்ட்டு வாக்கா, மேல" என்றான்.

பிறகு என் முறை. படித்தேன். பத்து வரி.

மார்ச் 14, சனி.

அந்தக் கட்டிலின் மெத்தையைச் சுருட்டிவிட்டார்கள். திரை போடத் தேவையில்லை. கண்ணுக்கு எட்டிய வரை நான் மட்டும்தான் இந்த அறையில். கேமரா ஒன்று குறைந்திருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய். நாற்பத்தைந்தாம் நாள்.

இயக்குநரே வந்தார். நாற்பத்தைந்து நாளில் முதல் முறை. பூங்கொத்து கொண்டுவந்து எங்கே வைப்பது என்று தெரியாமல் என் வயிற்றின் மேல் வைத்தார்.

"சீட் உங்களோடதுதான். இன்னும் வெளியே சொல்லல, ஆனா முடிவாயிடுச்சு."

பதினான்கு வருடமாக இந்த வாக்கியத்தை நான் மனசுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். குளிக்கும்போது, பேருந்தில், பிரசவ அறையில்கூட. கேட்டால் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன்.

அவர் நிறுத்தவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவருக்கு. "இன்னொரு நல்ல விஷயம். ரெண்டாவது காத்து மெஷின் வேண்டாம்னு எழுதிட்டோம். ஒரே ரூம், ஒரே காத்து, ஒரே சாய்வு. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. அப்ப கோளாறு காத்துல இல்ல, அந்தத் தம்பி கண்ணுலதான். பிறவியிலயே ஏதோ இருந்திருக்கு. நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது. பாருங்க, நீங்க மட்டும் அவன மாதிரி ஆகியிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருக்கணும். அப்புறம் இந்தத் திட்டத்துக்கு யாரு கதவத் திறக்கப் போறா?"

பூவின் தண்டிலிருந்து தண்ணீர் சட்டையில் இறங்கியது. நன்றி சார் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 18, புதன்.

இரண்டே பேர் பரிசோதனை. அதில் பாதி நான்.

மார்ச் 20, வெள்ளி.

படித்தேன். பத்து வரி. கண் டாக்டர் பேனாவை மூடிவிட்டு என் தோளைத் தட்டினார். சின்னப் பெண், இன்னும் முப்பது ஆகியிருக்காது. "அவருக்கு அப்படி ஆனதும் பயந்துட்டேன் மேடம். காத்துதான் காரணமோனு. உங்களப் பாத்தாத்தான் எனக்குத் தைரியமா இருக்கு."

போ, போய்த் தொலை என்று மனசுக்குள் கத்தினேன். எதற்கு என்னைப் பார்த்துத் தைரியம்?

மார்ச் 21, சனி. நாற்பத்தொன்பதாம் நாள்.

ஒட்டகம் தொலைபேசியில். அவனை விமானம் ஓட்டவே கூடாது என்று உரிமத்தை எடுத்துவிட்டார்களாம். பிறவிக் கோளாறு என்று எழுதிய பிறகு எந்த நிறுவனம் பறக்க விடும். எட்டு வயதிலிருந்து விமானம் தவிர வேறு ஒன்றும் யோசித்திராதவன்.

"வீட்ல உக்காந்து டிவி பாக்கறேன். என் பொண்டாட்டி என்னடான்னா, நீங்க இருந்தா வீடே சின்னதா தெரியுதுங்கறா" என்று சிரித்தான். பிறகு சொன்னான், "பரவாயில்லக்கா. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் கண்ணாவது நல்லா இருக்கே. நீ போனா நான் போன மாதிரி."

அடப்பாவி. திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 23, திங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது சொன்னால் இரண்டு வருடம் தள்ளிப் போகும். எனக்கு நாற்பத்தாறு தாண்டிவிடும். பொய் சொன்னவளுக்கு வயது இருந்தாலும் இடமில்லை, அது வேறு. திட்டத்தையே மூடிவிட்டால்? எரிபொருள் பிரிவு, உடை தைக்கிறவர்கள், சுவரில் இருக்கிற நிலாத் தடத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற அத்தனை பேரும் — அவர்கள் எல்லோருக்கும் நான் என்ன பதில் சொல்வேன்?

சொல்லாவிட்டால்? நான் மேலே போவேன். ஆறு மாதம் அந்தக் காற்று. என் கண்ணோடு கூட வருகிற இன்னும் இரண்டு பேரின் கண்ணும். இறங்கும்போது பேனலில் எழுத்துத் தெரியாமல் தடவுவோம். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

என் கண் கெட்டால் கெடட்டும் என்று எழுதினேன், அடித்தேன். என் கண் மட்டும் கெட்டால் பரவாயில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அது உண்மை. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்.

படித்தேன். பத்து வரி.

மார்ச் 25, புதன்.

இந்தக் கட்டிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தலை பள்ளத்தில்தான். முதுகுத் தசையெல்லாம் கரைந்துவிட்டது. எழுந்து ஓட வேண்டும். எதிலிருந்து? சீட் கிடைத்தது, இடம் கிடைத்தது, நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தாச்சு, மூச்சு முட்டுது. யாராவது வந்து பிடுங்கிட்டுப் போங்களேன். ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. நானேதான் தூக்கிக் கொடுக்கணுமா? பதினாலு வருஷத்தை நானேவா?

மார்ச் 27, வெள்ளி. ஐம்பத்தைந்தாம் நாள்.

கண் டாக்டர் வந்தார். "ரெடியா மேடம்?"

முதல் வரி படித்தேன். இரண்டு. மூன்று. நான்காவது வரி வரை கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்தாவதில் நிறுத்தினேன்.

"அவ்வளவுதான் தெரியுது."

பேனா நின்றது. "என்ன மேடம்? இன்னைக்குத் திடீர்னா?"

"இன்னைக்கு இல்ல. பத்தொன்பதாம் நாள்லேருந்து."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் மூச்சு கேட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குப் பதினான்கு நாள் முன்பே எனக்கு ஆரம்பித்ததை, அவன் கேட்டபோது இல்லை என்று சொன்னதை. "காத்துதான் காரணம். அவன் கண்ணுல ஒண்ணுமில்ல. மொதல்ல அத எழுதுங்க, என்னப் பத்தி அப்புறம் எழுதிக்கலாம்."

"நான் உங்கள நம்பினேன் மேடம்" என்றார். "நான் அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் வெளியே ஓடினார். செருப்புச் சத்தம் நீண்ட நடையில் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இரண்டு பேர் வந்து கட்டிலை நேராக்கினார்கள். ஆறு டிகிரி போய்விட்டது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன், தரை புரண்டது, விழுந்துவிட்டேன்.

மார்ச் 30, திங்கள்.

ஒரு வாரம் காத்திருக்காமல் உடனே படம் எடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் நரம்பு வீங்கியிருக்கிறது. இடது மோசம். முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம். எப்போது சொல்ல முடியும் என்று கேட்டேன். அதையும் சொல்ல முடியாதாம்.

வீட்டுக்காரர் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது முகம் நேராகத் தெரிகிறது. "நீங்கதான் முதல்லயே கண்டுபிடிச்சீங்க" என்றேன். "ஆமா" என்றார். அதற்கு மேல் சொல்லிக் காட்டவில்லை. அந்த மனுஷனை நான் எதற்கு அன்றைக்கு அப்படிக் கத்தினேன்.

ஏப்ரல் 9, வியாழன்.

அலுவலகம். இயக்குநர் அறையில் உட்காரச் சொல்லவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், அதற்கும் அவரிடம் தெம்பில்லை. பத்தாவது முறை. "பன்னெண்டு பேர வச்சு மறுபடி பரிசோதனை. ரெண்டாவது மெஷின் வைக்கணும். மொத்தமா ரெண்டரை வருஷம் தள்ளிப் போகுது. மேலிடம் மூடாம விட்டாங்களே, அதுவே பெருசு." சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா என்னால உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

ராஜினாமாக் கடிதம் பையில் இருந்தது. வைத்துவிட்டு வந்தேன்.

மின்தூக்கியில் உடை தைக்கும் பிரிவிலிருந்து மூன்று பேர் ஏறினார்கள். என் அளவுக்குப் பதினான்கு வருடத்தில் ஐந்து முறை உடை தைத்தவர்கள். நான்கு மாடி. யாரும் பேசவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு அம்மா மட்டும் என் கைப்பை வாரை எடுத்துச் சரியாகத் தோளில் மாட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, சனி.

ஒட்டகத்தின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம்க்கா, இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான். நியாயம்தான். படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 2, செவ்வாய்.

அவனுக்கு உரிமம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று கண் டாக்டர் ஒரு வரி அனுப்பியிருந்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 17, சனி. மூன்றரை வருடம் கழித்து.

அலமாரியைக் காலி செய்தபோது இந்த நோட்டு கிடைத்தது. மிச்சம் பக்கங்கள் இருக்கின்றன, இன்றைக்கு எழுத வேண்டும் என்றும் இருக்கிறது.

இப்போது அவருடைய கால்நடை மருத்துவமனையில்தான் இருக்கிறேன். ஊசி போடும்போது விலங்குகளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பதினான்கு வருடப் பயிற்சி பெற்ற கை என்று அவர் வருகிறவர்களிடம் கேலியாகச் சொல்கிறார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டேன். இடது கண்ணில் நடுவில் ஒரு மங்கல் நின்றுவிட்டது. அதோடு பழகிவிட்டேன்.

விண்கலம் போய் முப்பத்தொரு நாள் ஆகிறது. அவனும், எனக்கு அப்புறம் தேர்வான ஒரு பெண்ணும், ஒரு பொறியாளரும். கிளம்பிய அன்று காலை இங்கே ஒரு முயலுக்கு அறுவை சிகிச்சை, நான் வெளியே வரவில்லை. மகள் மட்டும் காத்திருக்கும் அறையில் டிவி பார்த்துவிட்டு உள்ளே வந்து, "போய்டுச்சும்மா" என்றாள்.

இன்றைக்குக் காலையில் தொலைபேசி. ஒட்டகத்தின் மனைவி. இந்த மூன்றரை வருடத்தில் அவள் என்னிடம் பேசியதில்லை.

"அக்கா, நேத்து மேலேருந்து பேசினார். கண்ணு மூணு பேருக்கும் நல்லா இருக்காம். உங்ககிட்ட மறக்காம சொல்லச் சொன்னார்."

"சரிம்மா" என்றேன்.

"அந்த ரெண்டாவது மெஷின் அவர் தலைமாட்டுலயே இருக்காம். ஓயாம கடகடங்குதாம். தூங்கவே முடியலனு ஒரே புலம்பல்."

"காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லு" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வைத்துவிட்டேன்.

தீவனமூட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதலாம், இங்கேயாவது பொய் வேண்டாம். பொறாமை. அந்தச் சத்தத்தில் தூக்கம் வராமல் நான் புரண்டிருக்க வேண்டும். அந்த இயந்திரத்தைத் திட்டிக்கொண்டு நான் அங்கே மிதந்திருக்க வேண்டும். அவன் கண் நன்றாக இருக்கிறது என்பதும் மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில்.

"ஏம்மா, எங்க போய்ட்ட? பெரிய நாய் வந்திருக்கு, ஆள் வேணும்" என்று அவர் கூப்பிட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். நிஜமாகவே பெரிய நாய், பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.